பதறவும் கூடாது, ஆறப்போடவும் கூடாது

தென்மேல் பருவக்காற்று வலுக்கும் நாட்களில் கேகாலை மாவட்டத்தின் புளத்கொகுபிட்டிய பிரதேச மக்கள் வானத்தையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தபடியே பொழுதைக் கழிக்கின்றனர். 2016 ஆம் ஆண்டு மே மாதம் 17 ஆம் திகதி இப்பிரதேசத்தின் களுபஹன தோட்டத்தில் மண் சரிந்து லயன் குடியிருப்புகள் புதையுண்டதையும், அதே நாளில் அயலிலுள்ள அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் காவுகொண்டதையும் இங்கு எவரும் மறந்துவிடவில்லை.

அத்தகைய அழிவுகளிலிருந்து மக்களைக் காப்பதற்காகத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று படிநிலைகளில் மண்சரிவு எச்சரிக்கை விடுத்து வருகின்றது. இருபத்து நான்கு மணித்தியாலங்களில் 75 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தால் விழிப்பாக இருக்குமாறும், 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறத் தயாராகுமாறும், 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் உடனடியாக வெளியேறுமாறும் அறிவிக்கப்படுகின்றது. மஞ்சள் எச்சரிக்கைக்கு எவரும் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. சிவப்பு எச்சரிக்கை வந்த பின்னர், மலையில் வெடிப்பு இருக்கின்றதா என்று பார்த்துவிட்டு வருகின்றேன் என்று எவரும் சொல்லிக்கொண்டிருப்பதுமில்லை. ஆபத்தின் அளவே வேகத்தின் அளவைத் தீர்மானிக்கின்றது.

மழைக்கும் மலைக்கும் இத்தகைய ஒழுங்கு ஒன்றை வகுத்துக்கொண்ட இந்த நாடு, தனது மக்களின் கடிதங்களையும் பதிவுகளையும் கொடுப்பனவு விபரங்களையும் சுமந்து நிற்கும் அரச கணினிகளுக்கு அவ்வாறான ஒழுங்கு ஒன்றை வகுத்துக்கொண்டுள்ளதா என்பதே இன்று நாம் எழுப்ப விரும்பும் கேள்வியாகும். உயிரிழப்பையும் கோப்பிழப்பையும் ஒரே தராசில் வைப்பது எமது நோக்கமன்று. ஆயினும், எச்சரிக்கை கிடைத்த பின்னர் எப்போது காத்திருப்பது, எப்போது உடன் செயற்படுவது என்ற கேள்வி இரண்டுக்கும் பொதுவானதாகும்.

கணினியில் இயங்கும் எந்தவொரு மென்பொருளும் மனிதர் எழுதியதே. எனவே அதில் ஓட்டைகள் இருக்கவே செய்யும். அத்தகைய ஓட்டையொன்று கண்டுபிடிக்கப்பட்டதும் அதனைத் தயாரித்த நிறுவனம் அதை அடைப்பதற்கான திருத்தத்தை வெளியிடுகின்றது. கணினித் துறையினர் இதனைப் பேட்ச் என்று அழைப்பர். கூரையில் தகரம் ஒழுகும் இடத்தில் ஒட்டுப்போடுவதைப் போன்றது இது. ஆனால் கூரைக்கும் கணினிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. திருத்தம் வெளியான அக்கணமே, ஓட்டை எங்கே இருக்கின்றது என்பது திருடருக்கும் தெரிந்துவிடுகின்றது. திருத்தத்தைப் பிரித்துப் பார்த்து, அது எதை அடைக்கின்றது என்று அறிந்து, இன்னும் ஒட்டுப்போடாத வீடுகளைத் தேடி அவர்கள் புறப்படுகின்றனர்.

அப்படியானால் திருத்தம் வந்தவுடனேயே அனைத்துக் கணினிகளிலும் அதனை ஏற்றிவிட வேண்டியதுதானே என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அவ்வாறு செய்ய முற்படும்போது மற்றொரு ஆபத்து எதிர்ப்படுகின்றது. திருத்தமே பழுதுடையதாக இருக்கலாம். அல்லது ஓரிடத்தில் நன்றாக இயங்கும் திருத்தம் மற்றோரிடத்தில் நாளாந்த வேலையையே முடக்கிவிடலாம். ஆகவே முதலில் பரீட்சித்துப் பார்க்க வேண்டியுள்ளது. பரீட்சிப்பதற்குக் காலம் தேவை. அந்தக் காலத்திலோ வாசல் திறந்தே கிடக்கின்றது. பதறாத காரியம் சிதறாது என்பதும் ஆறிய கஞ்சி பழங்கஞ்சி என்பதும் எமது முன்னோரின் மொழிகளே. இரண்டும் உண்மையாக இருப்பதே இங்குள்ள சிக்கல்.

இந்தச் சிக்கல் எமது நாட்டுக்கு அந்நியமானதன்று. 2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 26 ஆம் திகதி, இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையைத் தாங்கி நிற்கும் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் என்ற கட்டமைப்பு, கப்பம் கோரும் நச்சு நிரலின் தாக்குதலுக்கு உள்ளானது. கோப்புகளை எவரும் திறக்க முடியாதவாறு பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்பதே ரென்சம்வெயார் எனப்படும் இந்நச்சு நிரலின் தொழில். அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச முகவரிகளைப் பயன்படுத்திய ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிப்புற்றன. கட்டமைப்பு விரைவிலேயே மீளவும் இயங்கச் செய்யப்பட்ட போதிலும், மே மாதம் 17 ஆம் திகதி தொடக்கம் ஓகஸ்ட் 26 ஆம் திகதி வரையான மின்னஞ்சல்களை மீட்க முடியவில்லை. அக்காலப்பகுதிக்குரிய காப்புப்பிரதி தப்பியிருக்கவில்லை. நூறு நாட்களின் அரச கடிதப் போக்குவரத்து இவ்வாறு அழிந்துபோனது.

இத்தாக்குதலுக்கு இலக்கான மென்பொருள் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் 2013 ஆகும். 2007 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரச மின்னஞ்சல் சேவை 2014 இல் அந்தப் பதிப்புக்கு மாற்றப்பட்டதாகவும், அது காலாவதியாகிப் பல்வேறு தாக்குதல்களுக்கு இடங்கொடுக்கும் நிலையில் இருந்ததாகவும் அதற்குப் பொறுப்பான தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிறுவனத்தின் தலைமை அதிகாரியே அவ்வேளையில் ஏற்றுக்கொண்டார். 2021 ஆம் ஆண்டு முதல் புதிய பதிப்புக்கு மாற எண்ணியிருந்தபோதும் நிதிப் பற்றாக்குறையாலும் முன்னைய பணிப்பாளர் சபையின் சில தீர்மானங்களாலும் அது தாமதமானது என்பதே அளிக்கப்பட்ட விளக்கம்.

இங்கு ஒரு திகதியைக் கவனிக்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் 2013 பதிப்புக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2023 ஏப்ரல் 11 ஆம் திகதியுடன் முற்றாக நிறுத்திக்கொண்டது. அந்த நாள் திடீரென அறிவிக்கப்பட்டதன்று. பல ஆண்டுகளுக்கு முன்னரே நாட்காட்டியில் குறிக்கப்பட்டிருந்தது. அதற்குப் பின்னர் கண்டுபிடிக்கப்படும் எந்த ஓட்டைக்கும் திருத்தம் வெளிவராது என்பது உலகறிந்த செய்தி. தாக்குதல் நிகழ்ந்த நாளில், திருத்தமே இல்லாத ஒரு மென்பொருளில் நாட்டின் அமைச்சரவை அலுவலகம் நான்கரை மாதங்களாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தது. வேகமா பரீட்சிப்பா என்ற விவாதத்திற்கே அங்கு இடமிருக்கவில்லை. பரீட்சிப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. இருந்தது தாமதம் மட்டுமே.

மின்னஞ்சல் அழிந்தால் கொழும்பு அதிகாரிக்குத்தானே கஷ்டம் என்று எண்ணுவோர் புளத்கொகுபிட்டிய போன்ற ஒரு பிரதேச செயலகத்தின் வாசலில் ஒரு நாள் காலையில் நின்று பார்ப்பது நல்லது. தோட்டத்தில் அரைநாள் பேரை இழந்துவிட்டு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பிழையாக எழுதப்பட்ட பெயரைத் திருத்த வந்த தாய் அங்கே நிற்பார். அஸ்வெசும கொடுப்பனவுக்கு மேன்முறையீடு செய்தவர் நிற்பார். ஹஜ் யாத்திரைக்கான கடவுச்சீட்டுக்கு ஆவணம் தேடி வந்த முதியவரும், காணியுறுதி இல்லாத லயன் அறைக்குப் பதிலாக வீடு கேட்டு மனுக்கொடுத்தவரும் நிற்பர். அவர்கள் கையளிக்கும் கடதாசி மேசையிலிருந்து எழுந்து மாவட்டச் செயலகத்துக்கும் அமைச்சுக்கும் திணைக்களத்துக்கும் போய்ச்சேரும் பாதை இப்போது பெரும்பாலும் கணினிப் பாதையாகிவிட்டது. அந்தப் பாதையில் ஒரு கடிதம் காணாமற்போனால், அதை அனுப்பிய உத்தியோகத்தர் மறுபடியும் அனுப்பலாம். ஆனால் அனுப்பியதே நினைவில் இல்லையெனில், மறுபடியும் அரைநாள் பேரை இழந்து வரிசையில் நிற்பவர் அந்தத் தாயே.

ஆவணத்தின் பெறுமதியை எமது மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின் முன் கையில் தாள் இல்லாமல் நின்ற மலையகத் தமிழரின் பேரப்பிள்ளைகள், 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அந்தத் தாளுக்காக அலைந்த வரலாற்றைக் கேட்டே வளர்ந்தவர்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் விட்டுவந்தவற்றில் வீட்டுடன் காணியுறுதியும் பள்ளிக்கூடப் பதிவும் அடங்கியிருந்தன. தாளை இழந்தவன் தன்னையே நிரூபிக்க வேண்டியவனாகின்றான். இந்தத் தாள்கள் யாவும் ஒவ்வொன்றாகக் கணினிக்குள் போய்க்கொண்டிருக்கும் இக்காலத்தில், அக்கணினியைக் காப்பது எவ்வாறு என்பது தொழில்நுட்பவியலாளரின் கவலை மாத்திரமாக இருக்க முடியாது.

எனினும், வேகத்தை மட்டும் வலியுறுத்துவோருக்கு உலகம் தக்க பாடமொன்றைக் கற்பித்துள்ளது. 2024 ஜூலை 19 ஆம் திகதி வெள்ளிக்கிழமை, இலங்கை நேரப்படி காலை 9.39 மணிக்கு, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் தனது வாடிக்கையாளரின் கணினிகளுக்குச் சிறிய புதுப்பிப்புக் கோப்பு ஒன்றை அனுப்பியது. மென்பொருள் 20 தரவுப் புலங்களை எதிர்பார்த்திருக்க, புதிய கோப்பு 21 ஆவது ஒன்றைத் தேடியது. அவ்வளவுதான் பிழை. 78 நிமிடங்களில் கோப்பு மீளப்பெறப்பட்ட போதிலும், அதற்குள் உலகெங்கும் 85 இலட்சம் வின்டோஸ் கணினிகள் நீலத்திரையுடன் நின்றுபோயின. விமானங்கள் தரையில் நின்றன. வைத்தியசாலைகள் சிகிச்சைகளை ஒத்திவைத்தன. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்கான அனுமதிச் சீட்டுகள் கையால் எழுதிக் கொடுக்கப்பட்டன. திருடனைத் தடுக்கும் காவற்காரனே வீட்டைப் பூட்டிச் சாவியைத் தொலைத்த கதை இது.

அந்நிறுவனம் அனுப்பிய கோப்பு முதலில் நூறு கணினிகளுக்கும், பின்னர் ஆயிரத்துக்கும், பின்னர் ஏனையவற்றுக்கும் எனப் படிப்படியாகச் சென்றிருந்தால் பிழை முதற்படியிலேயே அகப்பட்டிருக்கும். நிகழ்வுக்குப் பின்னர் அந்நிறுவனமே அத்தகைய படிமுறை விநியோகத்தை ஏற்றுக்கொண்டு, எப்போது ஏற்றுவது என்று தீர்மானிக்கும் உரிமையை வாடிக்கையாளருக்கும் வழங்க முன்வந்தது. இங்கு வேகம் குற்றமன்று. ஒரே கணத்தில் எல்லோருக்கும் அனுப்பியதே குற்றம்.

அவசரத்தில் போட்ட ஒட்டு சரியாக ஒட்டாமற்போவதும் உண்டு. 2021 டிசெம்பரில் லொக்4ஜே என்ற, உலகின் எண்ணற்ற மென்பொருள்களுக்குள் அடங்கியிருக்கும் சிறு கூறு ஒன்றில் பாரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. முதல் திருத்தம் போதாதென இரண்டாவதும், அதுவும் போதாதென மூன்றாவதும் நான்காவதுமாக அந்த ஒரு மாதத்துக்குள்ளேயே அடுத்தடுத்துத் திருத்தங்கள் வெளிவந்தன. ஆயினும் அன்று காத்திருந்தவர் எவரும் புத்திசாலியாகிவிடவில்லை. தாக்குதல்கள் முதல் நாளிலேயே தொடங்கிவிட்டன. முதல் ஒட்டு குறைபாடுடையதாயினும் ஒட்டே இல்லாத கூரையை விட மேலானதாகவே இருந்தது.

எமது வாசகர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய மற்றொரு நிகழ்வும் உண்டு. எமது அரச மின்னஞ்சல் தாக்கப்பட்ட அதே 2023 ஓகஸ்ட் மாதத்தில், எக்ஸ்சேஞ்ச் மென்பொருளின் அப்போது ஆதரவிலிருந்த பதிப்புகளுக்கு மைக்ரோசொப்ட் பாதுகாப்புத் திருத்தமொன்றை வெளியிட்டது. ஆங்கிலமல்லாத மொழியில் இயங்கிய சேவையகங்களில் அதை ஏற்ற முயன்றபோது ஏற்றல் தோல்வியடைந்து மின்னஞ்சல் சேவையே நின்றுபோனது. ஒரு வாரத்தின் பின்னர் திருத்தப்பட்ட திருத்தம் வெளியானது. ஆங்கிலத்தில் பரீட்சிக்கப்பட்ட ஒன்று ஏனைய மொழிகளிலும் இயங்கும் என்று எண்ணிவிட முடியாது என்பதற்கு இதனை விடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இந்த அனுபவம் தமிழில் தொழில் செய்வோருக்குப் புதியதன்று. எமது ஆசிரிய பீடத்திலேயே, பக்க வடிவமைப்புக் கணினிகளுக்குப் புதுப்பிப்பு ஏற்றப்பட்ட ஒரு மாலையில், பாமினி எழுத்துருவில் தட்டெழுதி வைத்திருந்த கட்டுரைகள் யாவும் பொருளற்ற குறிகளாகத் திரையில் தோன்றின. அச்சுக்குப் போக மூன்று மணித்தியாலங்களே இருந்தன. ஒரு மூலையில், புதுப்பிக்காமல் விடப்பட்டிருந்த பழைய கணினி ஒன்றே அன்று பத்திரிகையைக் காப்பாற்றியது. அதன் பின்னர் நெடுநாள் எமது அலுவலகத்தில் எவரும் எந்தப் புதுப்பிப்புக்கும் இணங்கவில்லை. அன்று நாம் கற்றுக்கொண்ட பாடம் தவறானது என்பதை இப்போது ஒப்புக்கொள்கின்றோம். ஒரு கணினியில் முதலில் பார்த்திருக்க வேண்டும் என்பதே சரியான பாடம். ஒருபோதும் புதுப்பிக்கக் கூடாது என்பதன்று.

தாமதித்தோர் கொடுத்த விலையோ இதனை விடப் பன்மடங்கு பெரிது. 2017 மார்ச் 14 ஆம் திகதி வின்டோஸ் ஓட்டையொன்றுக்கான திருத்தம் வெளியானது. சரியாக 59 நாட்களின் பின்னர், மே 12 ஆம் திகதி, அந்த ஓட்டையின் வழியாகவே வொனாக்ரை என்ற கப்பம் கோரும் நச்சு நிரல் உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தின் அரச சுகாதார சேவையின் நிர்வாகப் பிரிவுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பாதிப்புற்றதுடன், 19,000 க்கும் அதிகமான வைத்திய சந்திப்புகளும் சிகிச்சைகளும் இரத்தாகியிருக்கும் என மதிப்பிடப்பட்டது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் அவ்வைத்தியசாலைகளுக்கு எச்சரிக்கை அனுப்பப்பட்டிருந்தது. தாமதித்தோர் யாவரும் சோம்பேறிகளல்லர். கோடிக்கணக்கில் விலைமதிப்புள்ள ஸ்கேன் இயந்திரத்துடன் இணைந்த கணினியில் கைவைத்தால் இயந்திரமே நின்றுவிடுமோ என்று அஞ்சியவர்களும் அவர்களுள் இருந்தனர். ஆனால் அச்சம் பரீட்சிப்பாகிவிடாது. 59 நாட்களில் ஓர் இயந்திரத்திலேனும் ஏற்றிப் பார்த்திருக்கலாம்.

அயல்நாடான இந்தியாவிலும் இதற்கு நிகரான அனுபவம் உண்டு. 2024 ஜூலை 31 ஆம் திகதி, சிறிய வங்கிகளுக்குக் கணினிச் சேவை வழங்கும் சி-எட்ஜ் என்ற நிறுவனம் கப்பத் தாக்குதலுக்கு உள்ளானதால், ஏறத்தாழ முந்நூறு கூட்டுறவு மற்றும் கிராமிய வங்கிகள் தேசிய கொடுப்பனவு வலையமைப்பிலிருந்து தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டன. அதனுடன் தொடர்புடைய மற்றொரு நிறுவனத்தின் சேவையகம் வழியாகவே ஊடுருவல் நிகழ்ந்ததாகவும், அங்கு பயன்படுத்தப்பட்ட ஓட்டைக்கான திருத்தம் ஜனவரி மாதத்திலேயே வெளியாகியிருந்ததாகவும் இணையப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் தெரிவித்தனர். பெரிய நகரத்துப் பெரிய வங்கிகள் வழமைபோல் இயங்கின. பணம் எடுக்க முடியாமல் நின்றவர் கிராமத்துக் கூட்டுறவு வங்கியின் வாடிக்கையாளர். எங்கோ ஒரு கணினி அறையில் நேர்ந்த தாமதத்தின் சுமை, அந்த அறை எங்கே இருக்கின்றது என்றுகூட அறியாதவர்களின் தலையில் இறங்குவதே இத்தகைய நிகழ்வுகளின் இயல்பாக உள்ளது.

இவை அனைத்தையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படுகின்றது. கிரவுட்ஸ்ட்ரைக் நிகழ்வில் தவறு செய்தோர் விரைந்தவர்கள். அவர்கள் பிழையை ஒன்றரை மணித்தியாலத்துக்குள் கண்டு திருத்தத் தொடங்கிவிட்டனர். எமது அரச மின்னஞ்சல் விடயத்தில் எவரும் விரையவுமில்லை, பரீட்சிக்கவுமில்லை. 2021 இலிருந்து 2023 வரை தீர்மானம் ஒரு மேசையிலிருந்து மற்றொரு மேசைக்கு நகர்ந்துகொண்டிருந்தது. இன்று வேண்டாம், சரிபார்த்த பின் செய்வோம் என்று சொல்லப்படும் ஒவ்வோர் இடத்திலும், யார் சரிபார்க்கின்றார், எந்தக் கணினியில், எந்தத் திகதிக்குள் என்று மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் பதில் இருந்தால் அது பரீட்சிப்பு. பதில் இல்லையெனில் அது பரீட்சிப்பின் பெயரால் ஆறப்போடுவது. எமது நாட்டின் நோய் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்பதே எமது துணிபு.

இதற்கான மருந்தை வெளியே தேட வேண்டியதில்லை. மண்சரிவுக்கு வகுத்த படிநிலைகளே இதற்கும் வழிகாட்டுகின்றன. இணையத்தை நேரடியாக நோக்கி நிற்கும் கணினியில், திருடர் ஏற்கனவே பயன்படுத்தத் தொடங்கிவிட்ட ஓட்டை இருந்தால் அது சிவப்பு எச்சரிக்கை. அவுஸ்திரேலிய அரசாங்கத்தின் வழிகாட்டல் இத்தகைய நிலைக்கு 48 மணித்தியாலங்களையே அனுமதிக்கின்றது. அந்நேரத்துக்குள் திருத்தத்தை ஏற்ற இயலாவிடின் அக்கணினியை இணையத்திலிருந்து துண்டித்துவிட வேண்டும். ஓட்டை கடுமையானதல்ல, அதைத் திருடர் பயன்படுத்தத் தொடங்கவுமில்லை எனில் இரண்டு வாரங்கள் வரை அவகாசம் உண்டு. அந்த இரண்டு வாரங்களும் பரீட்சிப்பதற்கு உரியவை. வெளியுலகுடன் தொடர்பற்ற, அலுவலகத்தின் உள்ளே மட்டும் இயங்கும் கணினிகளுக்கு இன்னும் சற்று நிதானம் காட்டலாம். எல்லாத் திருத்தத்தையும் ஒரே வேகத்தில் ஏற்றுவதும் எல்லாவற்றையும் ஒரே அளவில் தாமதிப்பதும் மழையையே அளக்காமல் எச்சரிக்கை விடுப்பதற்கு ஒப்பானவை.

ஆனால் இந்த ஒழுங்கு நடைமுறைக்கு வர வேண்டுமாயின் மூன்று விடயங்கள் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். முதலாவது, எந்த அலுவலகத்தில் எந்தக் கணினியில் எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு இயங்குகின்றது என்ற பட்டியல். வீட்டில் எத்தனை கதவுகள் என்று தெரியாதவன் கதவைப் பூட்டிவிட்டேன் என்று சொல்ல முடியாது. இரண்டாவது, வலையமைப்பிலிருந்து முற்றாகத் துண்டித்து வேறாக வைக்கப்படும் காப்புப்பிரதி. அரச மின்னஞ்சல் தாக்கப்பட்ட பின்னரே நாளாந்தம் அவ்வாறு பிரதியெடுக்கும் நடைமுறை அறிவிக்கப்பட்டது. திருத்தம் பழுதானால் நேற்றைய நிலைக்குத் திரும்ப முடியும் என்ற உறுதி இருந்தால் அதிகாரிக்குத் துணிவு பிறக்கும். துணிவு பிறந்தால் வேகமும் பிறக்கும். வேகத்துக்கும் பாதுகாப்புக்கும் இடையிலான பகைமையில் பெரும்பகுதி திரும்பிவரும் பாதை இல்லாததால் உண்டாவதே.

மூன்றாவது, பொறுப்பாளர். திருத்தத்தை ஏற்றியதால் ஒரு நாள் வேலை தடைப்பட்டால் அந்த உத்தியோகத்தரின் பெயர் அனைவருக்கும் தெரிந்துவிடும். ஏற்றாமல் விட்டதால் நூறு நாட்களின் கடிதங்கள் அழிந்தால் எவருடைய பெயரும் வெளிவராது. செய்தவனுக்குத் தண்டனையும் செய்யாதவனுக்குப் பாதுகாப்பும் கிடைக்கும் அலுவலகத்தில் எந்த உத்தியோகத்தரும் செய்யாமல் இருப்பதையே தேர்ந்தெடுப்பார். இதை மாற்றுவதற்கு உயர் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. உரிய காலத்தில் முறைப்படி ஏற்றிய திருத்தம் பழுதானால் உத்தியோகத்தர் குற்றவாளியல்லர் என்றும், காலக்கெடு கடந்தும் ஏற்றாமல் விட்டால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்றும் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டாலே பாதி நோய் தீர்ந்துவிடும்.

இவ்விடத்தில் நிதி எங்கே என்ற கேள்வி எழுவது இயல்பே. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியை அனுபவித்த நாடு இது. எரிபொருளுக்கும் மருந்துக்கும் அந்நியச் செலாவணி இல்லாதிருந்த காலத்தில் மென்பொருளுக்குப் பணம் ஒதுக்கவில்லை என்று குறைகூறுவது எளிதன்று என்பதை நாம் ஏற்கின்றோம். ஆயினும் பட்டியல் எழுதுவதற்கும் பிரதியொன்றைத் துண்டித்து வைப்பதற்கும் பெருந்தொகை தேவைப்படுவதில்லை. புதிய பதிப்பு வாங்க வசதியில்லாத அரசு, பழையதைத் தாக்கினால் இழப்பது எவ்வளவு என்றேனும் அமைச்சரவைக்கு எழுதி அறிவித்து, அபாயத்தைத் தெரிந்துகொண்டே சுமந்திருக்க வேண்டும். வறுமை தாமதத்துக்குக் காரணமாகலாம், அறியாமைக்குக் காரணமாகாது.

தொலைதூரச் சிற்றலுவலகங்களின் நிலை இன்னும் சிரமமானது. ஒரு பிரதேச செயலகத்திடமோ தோட்டப் பாடசாலையிடமோ கூட்டுறவுச் சங்கத்திடமோ, நீங்களே பரீட்சித்துப் பார்த்து ஏற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்வது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும். அங்கு பரீட்சிப்பதற்கு இரண்டாவது கணினியும் இல்லை, அதற்கென ஆளும் இல்லை. 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் வின்டோஸ் 10 க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திக்கொண்டது. புதிய பதிப்பை ஏற்க முடியாத பழைய கணினிகள் நன்கொடையாக வந்தவாறே பாடசாலைகளிலும் சிற்றலுவலகங்களிலும் இயங்குகின்றன. 2023 இல் கொழும்பில் நேர்ந்தது இப்போது சிறுசிறு அளவில் ஒவ்வோர் ஊரிலும் நேரக்கூடிய நிலை உருவாகியுள்ளது. ஆகவே பரீட்சிப்பை மத்தியில், தகுதிவாய்ந்த ஓரிடத்தில் செய்து, இதை இன்று ஏற்றுக, இதற்கு ஒரு வாரம் பொறுக்க என்று சிற்றலுவலகங்களுக்குத் தெளிவாக அறிவிக்கும் பொறுப்பை, 2006 முதல் இயங்கிவரும் இலங்கையின் கணினி அவசரப் பிரிவு போன்ற அமைப்பு ஒன்று ஏற்க வேண்டும். அந்தப் பரீட்சிப்பு தமிழிலும் சிங்களத்திலும் இயங்கும் கணினிகளில் நடைபெற வேண்டும். அறிவிப்பும் அவ்விரு மொழிகளில் வெளிவர வேண்டும். சிவப்பு எச்சரிக்கையை விளங்காத மொழியில் விடுத்தால் அதனால் பயனென்ன?

எதிர்காலத்தை நோக்கும்போது இத்தேவை மேலும் கூர்மையடைகின்றது. அரச கொடுப்பனவுகளுக்கான கவ்பே சேவை 2025 பெப்ரவரியில் தொடங்கப்பட்டுவிட்டது. இந்திய நிதியுதவியுடன் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டமும் முன்னெடுக்கப்படுகின்றது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவை வைத்திருப்போர் அதனைக் காக்க வேண்டும் என்கின்றது. சட்டமும் திட்டமும் தேவையானவையே. ஆனால் முகமும் கைரேகையும் பதிந்த ஒரு களஞ்சியத்தை நிறுவப்போகும் அரசு, கடிதங்களைப் பதிந்த களஞ்சியத்தை ஏன் இழந்தது என்பதை முதலில் மக்களுக்கு முழுமையாக விளக்கியாக வேண்டும். அழிந்த கடிதத்தை மறுபடியும் எழுதலாம். களவுபோன கைரேகையை மாற்றிக்கொள்ள ஒருவராலும் இயலாது.

புளத்கொகுபிட்டியவின் மலைச்சரிவுகளில் வாழும் மக்கள் மழைமானியின் அளவைக் கேட்டு நடக்கப் பழகிக்கொண்டனர். எப்போது விழித்திருப்பது, எப்போது மூட்டை கட்டுவது, எப்போது பிள்ளைகளுடன் வீட்டை விட்டு இறங்குவது என்பதை அவர்கள் அறிவர். தம் பெயரையும் உரிமையையும் கணினிக்குள் ஒப்படைத்திருக்கும் அம்மக்களுக்காக, அதே அளவு விழிப்பை அரச அலுவலகங்கள் காட்ட வேண்டும் என்று கேட்பது மிகையான கோரிக்கையன்று. திருத்தங்களுக்கான காலக்கெடுவும் பரீட்சிக்கும் பொறுப்பும் எழுத்தில் வகுக்கப்பட்டுப் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். அடுத்த தாக்குதலுக்குப் பின்னர் அல்லாமல் அதற்கு முன்னரே அது நிறைவேற வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.